விசில் அடிப்பவருக்கு மார்க் போடுவது யார்?

அனகாபுத்தூர்: நெய்த சேலையில் சின்ன குறை தெரிந்தாலும் நெசவாளிக்கு கூலியில் பிடிப்பு. டிக்கெட் கொடுக்காமல் விட்டால் கண்டக்டருக்கு மெமோ. சரி, ஹாக்கி மேட்ச்சில் அம்பயர் தப்பாக விசில் அடித்தால் அவரை யார் கேட்பது?

கேட்காமல் இல்லை. ஆனால் கேட்டது என்ன என்று வெளியே தெரிவதில்லை. சிக்கலே அங்கேதான்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு ஹாக்கி தூரத்து சமாசாரம் அல்ல. பல்லாவரம் போய் மின்சார ரயில் பிடித்தால் எழும்பூர். அங்குள்ள மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில்தான் 2023ல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை இந்தியா தட்டியது. 2025 டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை வெண்கலமும் அங்கேதான் கிடைத்தது.

எப்படி எடை போடுகிறார்கள்?

மைதானத்தில் 2 அம்பயர்கள். ஆளுக்குப் பாதி மைதானம். ரீப்ளே பார்த்து சொல்ல வீடியோ அம்பயர் தனி. பெரிய போட்டிகளில் இவர்களை கவனிக்கவே அம்பயர் மேனேஜர் இருப்பார். தீர்ப்பு சரியா, நின்ற இடம் சரியா, கார்டை சரியான நேரத்தில் காட்டினாரா என்று பார்ப்பார். நல்ல பெயர் வாங்கினால் அரையிறுதி, பைனல். சொதப்பினால் பெரிய மேட்ச் கிடைக்காது. ஆனால் யார் தேறினார், யார் கோட்டை விட்டார் என்பது ரசிகனுக்குத் தெரியாது.

டீமுக்கு உள்ள ஆயுதம் ரெபரல் ஒன்றுதான். கேட்டது சரியென்றால் வாய்ப்பு மிஞ்சும். தப்பென்றால் போச்சு.

அடி யாருக்கு?

2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி. மகளிர் அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுடன் ஷூட் அவுட். முதல் வாய்ப்பை நம்ம கோல்கீப்பர் சவிதா தடுத்துவிட்டார். ஆனால் கடிகாரம் ஓடவில்லையாம்! மறுபடி அடிக்கச் சொன்னார்கள். கோல். இந்தியா 0-3 என்று தோற்றது. பிறகு சர்வதேச ஹாக்கி சம்மேளனம் மன்னிப்பு கேட்டது. மன்னிப்பு வந்தது, பைனல் வரவில்லையே!

2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதி. பிரிட்டன் வீரர் முகத்தில் மட்டை பட்டதற்காக அமித் ரோஹிதாசுக்கு 17வது நிமிடத்தில் சிவப்பு அட்டை. 10 பேரோடு ஆடியே இந்தியா ஷூட் அவுட்டில் ஜெயித்தது. வீடியோ தீர்ப்புகள் ஆளுக்கொரு மாதிரி இருக்கிறது என்று ஹாக்கி இந்தியா புகார் கொடுத்தது. ரோஹிதாசுக்கோ ஒரு மேட்ச் தடை. ஜெர்மனியுடன் அரையிறுதியில் அவர் இல்லை. 2-3 என்று தோல்வி.

வீரருக்கு தண்டனை ஊருக்கே தெரிய, உடனே. அம்பயரின் கணக்கு மட்டும் மூடிய பைலில்.

வெளிநாட்டில்?

வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லில் 2021ல் டிம் பீல் என்ற நடுவர், ஒரு டீமுக்கு வேண்டுமென்றே பெனால்டி கொடுக்க நினைத்ததாகப் பேசியது மைக்கில் ஒலிபரப்பாகிவிட்டது. இனி மேட்ச்சே கிடையாது என்று லீக் வீட்டுக்கு அனுப்பியது. மைக் ஆப் ஆகியிருந்தால்?

கூடைப்பந்து லீக்கான என்பிஏ வேறு வழி பிடித்தது. 2015 முதல், நெருக்கமான மேட்ச்களின் கடைசி 2 நிமிட தீர்ப்புகளை அலசி, எது சரி, எது தப்பு என்று மறுநாள் வெளியிடுகிறது.

அம்பயரும் மனுஷன்தான். கண் இமைக்கும் நேரத்தில் முடிவெடுக்கிறார். அதனால்தான் அறிக்கை வெளியே வரவேண்டும். தப்பு செய்தவர் திருந்துவார். சரியாக ஊதியவர் மீது வீண்பழி விழாது. ஹாக்கி சம்மேளனம் பைலைத் திறக்குமா?