கழுவெலி இருக்கிறது, காட்டியல் படிக்க இடமில்லை



மரக்காணம், வானூர் வட்டங்களில் பரந்து கிடக்கும் கழுவெலி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட அந்த ஈரநிலத்தைப் பார்த்துக்கொள்ளும் படிப்பு மட்டும் எங்கள் பகுதியில் இல்லை. விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டார பாலிடெக்னிக் கல்லூரிகளில் இன்றும் சிவில், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் போன்ற படிப்புகள்தான். வனவியல் வேண்டுமென்றால் கோவையைத் தாண்டி மேட்டுப்பாளையம் வனக்கல்லூரிக்குப் போக வேண்டும். அதுவும் நான்காண்டுப் பட்டப்படிப்பு. பத்தாம் வகுப்போடு டிப்ளமோ சேர நினைக்கும் கிராமத்துப் பிள்ளைக்கு அது எட்டுமா?

"படித்தால் வேலை எங்கே?" என்று அதிகாரிகள் கேட்கலாம். வேலை எங்கள் ஊரிலேயே கிடக்கிறது. எங்கள் பக்கத்தில் சவுக்கு முக்கியமான பணப்பயிர். தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு வியாபாரி குத்துமதிப்பாகச் சொல்வதுதான் விலை. நிற்கும் மரத்தின் சுற்றளவும் உயரமும் எடுத்து எத்தனை டன் தேறும் என்று கணிக்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால் விவசாயி ஏமாற மாட்டார். இன்னொரு வேலையும் உண்டு. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுட 2025இல் அரசு அனுமதித்தது. மணிலா (நிலக்கடலை) கொல்லையைக் கிளறியது பன்றிதானா என்று தடம் பார்த்துச் சொல்லவும், சேதத்தை முறையாக மதிப்பிடவும் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டாமா?

வனத்துறையிலும் இதே குறைதான். வனக்காப்பாளர், வனக்காவலர் பணிகளை 2024இல் குரூப் 4 தேர்வோடு சேர்த்துவிட்டார்கள். அந்தத் தேர்வில் கேட்பது தமிழும் பொது அறிவும் கணக்கும்தான். காட்டைப் பற்றிய பாடம் வேலை கிடைத்த பிறகே தொடங்குகிறது. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவோம் என்று 2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கிய அரசு, நட்ட கன்றைக் காப்பாற்றத் தெரிந்தவர்களை உருவாக்க மறந்தது ஏன்?

ஆகவே, விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஓர் அரசு பாலிடெக்னிக் கல்லூரியில் வனவியல், வனவிலங்கு மேலாண்மை டிப்ளமோ தொடங்க வேண்டும். நாற்றங்கால், மர அளவீடு, பறவைக் கணக்கெடுப்பு, தீத்தடுப்பு, வனச் சட்டம் ஆகியவை பாடமாகட்டும். கழுவெலியும் கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடும் செஞ்சி மலைகளும் களமாகட்டும். தடம் பார்த்தே உயிரினத்தைச் சொல்லும் இருளர் பெரியவர்களை மதிப்பூதியம் கொடுத்துப் பயிற்றுநர்களாக அமர்த்தலாம். இந்த டிப்ளமோ முடித்தவர்களுக்கு வனத்துறைப் பணித் தேர்வில் முன்னுரிமையும் வேண்டும். இல்லையேல் சான்றிதழ் பெட்டிக்குள் தூங்கும்.

சரணாலயம் என்று பலகை நட்டதோடு அரசின் கடமை முடியவில்லை. உயர்கல்வித் துறையும் வனத்துறையும் கலந்து பேசி, வரும் கல்வியாண்டுச் சேர்க்கைக்கு முன்பே இதற்கான ஆணையை வெளியிட வேண்டும் என்று தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சவுக்கு விவசாயி ஒருவர்,
திண்டிவனம்.