நழுவவிட்டால் தெறித்துவிடும்

போன வாரம் காலை நிகழ்ச்சியில் விமானங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "இப்போதைய என்ஜின்களில் அலுமினியம் மாதிரி லேசான, எதற்கும் அசையாத உலோகம் சுழல்கிறது" என்று உற்சாகத்தில் அடித்துவிட்டேன். அடுத்த பாட்டு முடிவதற்குள் ஒரு நேயர் அழைத்தார். விமான என்ஜின் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவர். "தம்பி, அது அலுமினியத்தைவிடக் கனம். எதற்கும் அசையாதா? கை நழுவினால் விளிம்பு தெறித்துவிடும். பச்சைக் குழந்தையைப் போலத்தான் தூக்குவோம்" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. அதன் பெயர் டைட்டானியம் அலுமினைட். சாதாரணக் கலவையில் அணுக்கள் சந்தைக் கூட்டம் மாதிரி கலந்து நிற்கும். இதில் கல்யாணப் பந்தி மாதிரி, டைட்டானியத்துக்கு ஒரு வரிசை, அலுமினியத்துக்கு ஒரு வரிசை. சூடு ஏறினாலும் அணுக்கள் அவ்வளவு எளிதில் இடம் மாறாது. அதனால் சுமார் 750 டிகிரி செல்சியஸ் வரை பிளேடு இழுபடாமல் தாங்கும். ஆனால் சாதாரண வெப்பநிலையில் அதே ஒழுங்குதான் வம்பு. எஃகில் அணு அடுக்குகள் வழுக்கி நகர்வதால் அது வளைந்து கொடுக்கும். இதில் அந்த வழுக்கல் குறைவு. ஒன்றிரண்டு சதவீதம் நீண்டாலே உடைந்துவிடும்.

1950களிலேயே ஆராய்ச்சி தொடங்கியும் இது பயணிகளோடு பறக்க 2011க்கு மேல் ஆனது இதனால்தான். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் நூறு அணுக்களில் 48 அலுமினியம், 2 குரோமியம், 2 நையோபியம், மீதி டைட்டானியம் என்று ஒரு கலவை செய்தார்கள். குரோமியம் கொஞ்சம் வளைய வைக்கும். நையோபியம் சூட்டில் அரிக்காமல் காக்கும். 1993லேயே என்ஜினில் பொருத்திச் சோதித்தார்கள். பிறகும் பல வருடக் காத்திருப்பு.

இன்று போயிங் 787, 747-8 விமானங்களின் ஜிஇஎன்எக்ஸ் என்ஜினில், டர்பைனின் கடைசிப் பகுதியில் இது இருக்கிறது. அதிகச் சூடான முன்வரிசைகளில் இன்னும் நிக்கல் கலவைதான். நிக்கலில் பாதி எடைதான் இது. சுழலும் பிளேடு லேசானால், அதைப் பிடித்திருக்கும் வட்டையும் லேசாகச் செய்யலாம். எரிபொருள் மிச்சமாவது இப்படித்தான்.

"அப்படியானால் ஏறவே பயமாக இருக்குமே?" என்று கேட்டேன். சிரித்தார். "சூடேறினால் அது கொஞ்சம் இளகிக் கொடுக்கும் தம்பி. எனக்குப் பயமெல்லாம் அது என் மேசையில் குளிர்ந்து கிடக்கும்போதுதான்."