ஆய்வகத்தில் விளையாட்டுக்கும் இடமுண்டு

"ஆய்வகம் படிப்பதற்கு, விளையாடுவதற்கு அல்ல." நம் கல்லூரிக் கணினி ஆய்வகங்களில் ஆண்டாண்டாகச் சொல்லப்படும் இந்த வாசகத்துக்குப் பின்னால் மூன்று வாதங்கள் நிற்கின்றன: ஆன்லைன் விளையாட்டு என்றாலே சூதாட்டம், அது கணினியின் நேரத்தைத் தின்கிறது, அதில் கற்க ஒன்றுமில்லை. முதல் வாதத்துக்குத் தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டமே பதில்: அது ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்கிறது, ஆன்லைன் விளையாட்டை ஒழுங்குபடுத்துகிறது, இரண்டையும் ஒன்றாக்கவில்லை. இரண்டாவதற்கு இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகம் பதில் சொல்லியிருக்கிறது. கணினி அரிதாக இருந்த காலத்தில், தன் பிடிபி-10 இயந்திரத்தில் கூட்டம் குறைந்த பின்னிரவு நேரத்தை, வெளியாரும் தொலைபேசி வழியே வந்து விளையாட அது விட்டுக்கொடுத்தது.

மூன்றாவது வாதம்தான் பெரும்பிழை. 1978இல் எசெக்ஸ் மாணவர் ராய் ட்ரப்ஷா எழுதத் தொடங்கி, 1980இல் ரிச்சர்ட் பார்ட்டில் பொறுப்பேற்று வளர்த்த 'மட்', பலர் ஒரே நேரத்தில் உலவும் எழுத்துவழி உலகம். படம் கிடையாது. வடக்கே போ, வாளை எடு என்று தட்டச்சு செய்ய வேண்டும். தேடிய புதையலைச் சதுப்பு நிலத்தில் போட்டால் மதிப்பெண். அதன் முதல் வடிவமே, ஒரு நினைவகப் பகுதியைப் பல நிரல்கள் பகிர்ந்து எழுத முடியுமா என்று பார்க்கும் சோதனைதான். ஒரே வாளை இருவர் ஒரே நொடியில் எடுக்க முயன்றால் யார் கையில் அது சேரும்? வங்கிக் கணக்கிலும் ரயில் முன்பதிவிலும் இன்று எழும் கேள்வியும் இதுதான். இதைப் பாடநூலில் ஒரு பத்தியாகப் படித்து மறக்கும் மாணவன், தன் வாள் காணாமல் போகும்போது அதன் காரணத்தைத் தேடியே தீருவான். 1987இல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் இதே வகையைச் சேர்ந்த 'அபெர்மட்' விளையாட்டை எழுதிய ஆலன் காக்ஸ்தான் பின்னாளில் லினக்ஸ் கெர்னலின் முன்னணி உருவாக்குநர்களில் ஒருவரானார்.

"அவர்கள் எழுதினார்கள், நம் பிள்ளைகள் வெறுமனே விளையாடுவார்கள்" என்பார்கள். 1989இல் லார்ஸ் பென்ஸியோ உருவாக்கிய, இதே வகையைச் சேர்ந்த 'எல்பிமட்' இதற்கு நேரடி மறுப்பு. அதில் உச்சநிலையை எட்டிய ஆட்டக்காரருக்குப் பரிசு, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய அறைகளையும் பொருள்களையும் நிரலாக எழுதிச் சேர்க்கும் உரிமை. விளையாடியவரே நிரலாளரானார்.

இத்தகைய உலகங்களை உருவாக்க, இன்று பைதானில் எழுதப்பட்ட 'எவென்னியா' என்ற திறந்த மூலத் தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. யூனிகோடில் தமிழும் ஓடும். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் கால்வாய்களை அறை அறையாகப் பிரித்து, பத்துப் பேர் ஒரே நேரத்தில் படகோட்டும் உலகை அண்ணாமலை நகர் மாணவர்கள் எழுதலாம். அதைச் செய்முறைத் தேர்வுக்கு உரிய வேலையாக ஏற்று மதிப்பெண் தருவதே ஆய்வகத்தை உண்மையில் படிப்பதற்குப் பயன்படுத்துவது.