காரை வெட்டாதீர்கள், கட்டையை வெட்டுங்கள்!

காருக்குப் புது ஸ்பீக்கர் மாட்டிக்கொள்ள ஆசைப்படாதவர்கள் இன்று குறைவு. வண்டியோடு கம்பெனி கொடுக்கும் ஸ்பீக்கரில் பெரும்பாலும் சின்னக் காந்தமும் லேசான கூம்பும்தான் இருக்கும். மிருதங்கம் வாசித்தால் தகர டப்பாவைத் தட்டுவதுபோல் கேட்கும். கடையில் நல்லதாக ஒரு ஜோடி வாங்கி மாட்டிவிட்டால் குறை தீர்ந்தது என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததற்குக் கூலியாக என் காரின் வலது கதவைப் பறிகொடுத்தேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு என் அபிப்பிராயத்துக்கு வருகிறேன்.

என்னுடையது சின்னக் கார். 2012ல் என் தகப்பனார் வாங்கியது. ஞாயிறுதோறும் ஒரு வாளித் தண்ணீரும் பழைய வேட்டித் துணியுமாக அவர் அதைத் துடைப்பதை எங்கள் தெருவே பார்த்திருக்கிறது. கதவைச் சற்று ஓங்கிச் சாத்திவிட்டால் போதும், "மெதுவா சாத்துடா, மாட்டுக் கொட்டகைக் கதவா இது?" என்பார். அவர் காலத்துக்குப் பிறகு வண்டி என்னிடம் வந்தது. பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்று என் மகள் நச்சரிக்கவே, ஆறரை அங்குல ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு எங்கள் பேட்டையில் உள்ள ஒரு கடைக்குப் போனேன்.

கடைப் பையன் சுறுசுறுப்பானவன். வலது கதவின் டோர் பேடைக் கழற்றினான். பழைய ஸ்பீக்கரை எடுத்தான். புதியதை வைத்துப் பார்த்தான். திருகாணித் துளைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. காந்தமும் ஓட்டைக்குள் நுழைய மறுத்தது.

"பிராக்கெட் இல்ல சார். கொஞ்சம் வெட்டி விட்டுட்டா உக்காந்துடும்" என்றான்.

எதை வெட்டப் போகிறான் என்று நான் யோசிப்பதற்குள் தகரம் வெட்டும் கத்தரி கதவுக்குள் போய்விட்டது. 'கறுக், கறுக்' என்ற சத்தம் கேட்டு, "நிறுத்தப்பா!" என்று நான் கத்தியபோது வலது கதவின் தகடு பல்லுப் பல்லாய்க் கிழிந்திருந்தது. இடது கதவு தப்பித்தது.

பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அரைமணியில் வேலையை முடி என்று அவனுக்கு உத்தரவு. கேட்காமல் நின்ற குற்றம் என்னுடையது.

ஏன் பொருந்துவதில்லை?

ஸ்பீக்கர் பெட்டியில் ஆறரை அங்குலம் என்று அச்சடித்திருக்கிறார்கள். கதவிலும் ஆறரை அங்குல ஸ்பீக்கர்தான் இருந்தது. பிறகு ஏன் பொருந்தவில்லை என்று கேட்கலாம். ஆறரை என்பது கடைக்காரர் பேச்சுக்கு வைத்த பெயர். எத்தனை திருகாணி, அவை எந்த இடத்தில், எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் வேறுபடும். பல வண்டிகளில் ஸ்பீக்கரும் அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கூடும் ஒரே வார்ப்பாக வருகின்றன. சிலவற்றில் திருகாணியே இல்லை, ரிவெட் அடித்துவிடுகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், டாஷ்போர்டில் உட்காரும் ரேடியோவுக்கு உலகம் முழுவதும் ஒரு பொது அளவு உண்டு. ஐ.எஸ்.ஓ. 7736 என்ற தர விதிப்படி அதன் பொந்து சுமார் 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். ஜெர்மன் காரில் இருந்த ரேடியோவை ஜப்பான் காரில் செருகலாம். காருக்கென்று விற்பனைக்கு வந்த ஆரம்பகால ரேடியோக்களில் பேர் பெற்றது 1930ல் அமெரிக்காவில் கால்வின் கம்பெனி வெளியிட்ட மோட்டரோலா. அது வந்து 90 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், கதவு ஸ்பீக்கருக்கு அப்படி எல்லோரும் மதிக்கும் ஓர் அளவு ஏற்படவில்லை. ஏற்பட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கும் வேலை இருந்திருக்காது.

ஏற்படாதவரையில், வண்டிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு தரகர் தேவை. அந்தத் தரகர்தான் பிராக்கெட் என்கிற வளையம். அதன் ஒரு பக்கத் துளைகள் கதவோடு சேரும்; மறுபக்கத் துளைகள் ஸ்பீக்கரோடு சேரும்.

வளையத்தின் வேலை

வளையம் வெறும் தாங்கி அல்ல. ஸ்பீக்கரின் கூம்பு முன்னே வரும்போது முன்புறக் காற்று நெருக்கப்படுகிறது. அதே கணத்தில் பின்புறக் காற்று தளர்கிறது. இடையில் சந்து இருந்தால் முன்காற்று சுற்றிக்கொண்டு பின்னே ஓடிவிடும். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். கனத்த ஒலிகளுக்குத்தான் இந்த நஷ்டம் அதிகம். விநாடிக்கு 100 அதிர்வு உள்ள ஒலியின் அலை நீளம் சுமார் 11 அடி. அவ்வளவு பெரிய அலைக்கு ஸ்பீக்கரின் ஓரத்தைச் சுற்றிவருவது ஒரு பொருட்டே அல்ல. இன்றைய ஸ்பீக்கருக்கு முன்னோடியை 1925ல் விவரித்த ரைஸ், கெல்லாக் என்ற அமெரிக்க எஞ்சினீயர்கள் இருவரும், கூம்பைச் சுற்றி ஒரு தடுப்புப் பலகை வேண்டும் என்பதை அப்போதே வற்புறுத்தினார்கள். காரில் அந்தப் பலகை கதவுதான். கதவையும் ஸ்பீக்கரையும் சந்தில்லாமல் இணைப்பது வளையம்.

இதை நான் புத்தகத்தில் படித்ததைவிட என் காரிலேயே நன்றாகக் கற்றேன். வலது கதவில் அந்தப் பையன் ஸ்பீக்கரைக் கிழிந்த தகட்டோடு இரண்டே திருகாணியில் முடுக்கியிருந்தான். இடது கதவுக்கு நான் மர வளையம் செய்து மாட்டினேன். ஒரே பெட்டியில் வந்த ஜோடி, ஒரே பாட்டு. இடது பக்கம் மிருதங்கத்தின் தொப்பி 'கும்' என்று கேட்டது. வலது பக்கம் ஜால்ரா மட்டும் கேட்டது. கூடவே தகடு அதிரும் கரகரப்பு. என் மகள் கண்ணை மூடிக்கொண்டு, "இந்தப் பக்கம்தாம்பா புது ஸ்பீக்கர்" என்று இடது கதவைக் காட்டினாள். இரண்டும் புதிது என்று சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்தது.

செய்வதா, வாங்குவதா?

இனி, வளையத்தை வாங்குவதா, செய்துகொள்வதா என்ற கேள்வி. அதிகம் விற்கும் மாடல் உங்களுடையதானால் தாராளமாக வாங்குங்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போன்ற கடைத் தெருக்களில் அத்தகைய வண்டிகளுக்கு வார்த்த வளையங்கள் கிடைக்கின்றன. வாங்குமுன் கையில் பிடித்து முறுக்கிப் பாருங்கள், வளைந்தால் வேண்டாம். காகிதம்போல் மெலிந்த பிளாஸ்டிக், கிழிந்த தகட்டுக்கு அண்ணன். முப்பரிமாண அச்சில் செய்ததானால் எந்தப் பிளாஸ்டிக் என்று கேளுங்கள். பி.எல்.ஏ. என்ற வகை 60 டிகிரி சூட்டில் இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் நிற்கும் காருக்கு அது ஆகாது.

கிடைக்காவிட்டால் செய்துகொள்ளுங்கள். நான் இடது கதவுக்குச் செய்த வழி இது. பழைய ஸ்பீக்கரை அட்டைமேல் வைத்து ஓரத்தையும் துளைகளையும் பென்சிலால் வரைந்தேன். புதிய ஸ்பீக்கருக்கும் அப்படியே. அட்டையைக் கதவில் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் தச்சரிடம் போனேன். பெரியவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு திருகாணியும் ஒரே இடத்துல விழுது, தம்பி. கொஞ்சம் திருப்பிக்கிட்டா கட்டை பிளக்காது" என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை.

மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில் வளையம் சுலபமாக வரும். ஆனால் மழைநீர் கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள்தான் இறங்கி, அடித் துவாரங்கள் வழியே வெளியேறுகிறது. அந்த ஈரத்தில் அந்தப் பலகை டீயில் நனைத்த ரஸ்க்போல் உப்பிவிடும். நீர் தாங்கும் பிளைவுட் முக்கால் அங்குலக் கனம் எடுத்து, எல்லாப் பக்கமும், துளைக்குள்ளும், வார்னிஷ் பூசுவது உத்தமம்.

ஆழம் பார்க்க என் மனைவி சொன்ன யுக்தி, சப்பாத்தி மாவு. காந்தத்தின் பின்னால் ஓர் உருண்டை ஒட்டி, ஸ்பீக்கரை அதன் இடத்தில் பிடித்துக்கொண்டு கண்ணாடியை முழுவதும் இறக்கினால், மாவு எவ்வளவு நசுங்கியது என்பதே கணக்கு. கண்ணாடி காந்தத்தில் இடித்தால் வளையத்தின் கனத்தைக் கூட்ட வேண்டும். அதிகம் கூட்டினால் கூம்பு டோர் பேடின் சல்லடையில் இடிக்கும். இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். கடைசியில் வளையத்தின் இருபுறமும் மெல்லிய ஃபோம் பட்டை ஒட்டினால் சந்து அடைபடும். தச்சர் கூலி, இரண்டு பேர் ஹோட்டலில் சாப்பிடும் செலவுகூட ஆகவில்லை.

"ஒரு வளையத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? வெட்டினால்தான் என்ன?" என்று என் நண்பர் கேட்டார். வெட்டின ஓரத்தில் பெயிண்ட் இல்லை. முதல் மழைக்காலத்திலேயே துரு ஏறும். சில வண்டிகளில் பக்கவாட்டு மோதலை உணரும் கருவி கதவுக்குள் இருக்கிறது. கதவுக்குள் காற்றழுத்தம் திடீரென்று ஏறுவதைக் கண்டு காற்றுப்பையை இயக்குவது அதன் வேலை. அத்தகைய கதவில் கண்டபடி ஓட்டை போடுவது உயிரோடு விளையாடுவது. ஒயர் விஷயமும் இப்படியே. கம்பெனி பிளக்கை நறுக்காமல் அதற்கென்று விற்கும் இணைப்பு ஒயரைப் போட்டால், நாளைக்குப் பழையதைத் திரும்ப மாட்டலாம்.

என் கட்சி இதுதான். வளையம் வாங்கினதா, செய்ததா என்பது பெரிதல்ல. அது கெட்டியாக, சந்தில்லாமல், நனைந்தாலும் கெடாமல் இருக்க வேண்டும். பொருந்தாத இரண்டு பொருள்களைச் சேர்க்கும்போது, வெட்டுப்பட வேண்டியது நடுவில் வைக்கும் கட்டைதான். கட்டை கெட்டால் வேறு கட்டை உண்டு. கதவு கெட்டால் கெட்டதுதான்.

வலது கதவையும் பிறகு ஒருவாறு சீர்செய்தேன். ஓரங்களை ராவி, ரெட் ஆக்சைடு பூசி, கிழிசலை மறைக்கும்படி அகலமான வளையம் ஒன்றைப் பொருத்தினேன். ஒலி இப்போது இடதுக்குச் சமமாக வந்துவிட்டது. ஆனால் அந்தக் கதவைச் சாத்தும்போதெல்லாம் கை தானாக மெதுவாகிறது. துடைக்கும் துணியோடு அப்பா பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல் ஒரு கூச்சம்.