தொழில்: கூலி

தோழர்களே,

இந்த இதழ் ஒரு மாதம் பிந்தி உங்கள் கைக்கு வருகிறது. காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: சந்தா பாக்கி, அச்சகப் பாக்கி. இந்த முறை என் பங்கும் உண்டு. அவரவர் ஊர் இசைக்காரர்களைப் பற்றி எழுதுவோம் என்று முடிவு செய்தபோது, 'எங்க ஊரப் பத்தி எழுத எவ்ளோ நேரம் ஆயிடப் போவுது' என்று தலையங்கத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். எல்லாரைப் பற்றியும் எழுத வந்தது. எங்க நைனாவைப் பற்றி மட்டும் வரவில்லை. எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் வியாசர்பாடிக்காரன். நைனா பேண்டு செட்டில் சைடு டிரம் வாசித்தவர். வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு வந்த வாத்தியங்கள். பட்டாளம் போன பிறகும் எங்கள் தெருக்களில் தங்கிவிட்டன. கிளாரினெட், டிரம்பெட், பாஸ் டிரம், சைடு டிரம். கல்யாண ஊர்வலம், மாதா கோயில் தேர், கட்சி ஊர்வலம், சாவு எல்லாவற்றுக்கும் அதே ஆட்கள்தான். பாட்டு மட்டும் மாறும். சிவப்புக் கோட்டும் ஜரிகைத் தொப்பியும் செட்டு மாஸ்டருக்குச் சொந்தம். ஊர்வலம் முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிட்டு நைனா பனியனோடு வீட்டுக்கு வருவார். நோட்டுப் பார்த்து வாசிக்கத் தெரியாது. ஒரு பாட்டை ரேடியோவில் இரண்டு தடவை கேட்டால் போதும், மூன்றாவது தடவை சோற்றுத் தட்டில் விரல் ஓடும்.

கல்லூரியில் சேரப் படிவம் நிரப்பினேன். 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதினேன். நைனா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். என்ன எழுதினே, படிச்சிக் காட்டு என்றார். காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. 'அதுவும் சர்தான்' என்றார்.

பிறகு வங்கியில் எழுத்தர் வேலை கிடைத்து, கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். ஒரு நாள் எங்கள் தெரு கானா பாடகர் ஒருவர் வந்தார். சின்ன வயசில் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவர். 'இன்னா தம்பி, நல்லாக்கீறியா' என்று கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார். சொந்தமாக ஒரு டோலக்கும் மைக் செட்டும் வாங்க வேண்டும், வாடகைக்கே பாதிக் காசு போய்விடுகிறது, ஐம்பதாயிரம் கடன் கிடைக்குமா? வருமானத்துக்குச் சான்று கேட்பார்கள் மாமா என்றேன். 'சாவு ஊட்ல ரசீது குடுப்பாங்களா தம்பி?' என்றார். படிவத்தை நானே நிரப்பினேன். தொழில் என்று வாயெடுத்தேன், கேள்வி முடிவதற்குள் 'கூலின்னு போடு' என்றார்.

நாற்பது வருடம் பாடிய மனிதர். கணினியில் தொழில் பட்டியலைத் திறந்தேன். விவசாயி இருந்தார், வியாபாரி இருந்தார், மாதச் சம்பளக்காரர், இல்லத்தரசி, ஓய்வு பெற்றவர் எல்லாரும் இருந்தார்கள். பாட்டுக்காரருக்கு இடமில்லை. கடைசியில் இருந்த 'மற்றவை' ஒன்றுதான் எங்களுக்கு மிச்சம். கடனும் கிடைக்கவில்லை. 'வுடு தம்பி, டீ சாப்டலாம் வா' என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

அன்று ராத்திரி தூக்கமில்லை. சாதி ஆதிக்கத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவன் நான். எங்க நைனாவைக் கூலி என்று எழுத எந்த ஆதிக்கச் சாதிக்காரனும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. நானேதான் எழுதினேன்.

யார் இந்தக் கூலிகள்? கானா என்றால் இந்தியிலும் உருதிலும் பாட்டு, அவ்வளவுதான். துறைமுகத்துக்கும் மில்லுக்கும் ரயில்வே பட்டறைக்கும் உழைக்க வந்த பல மொழிக்காரர்கள் கலந்து வாழ்ந்த வடசென்னையில் அந்தச் சொல் தமிழாகிவிட்டது. வாத்தியம்கூட அவசியமில்லை. மேசை, பானை, தீப்பெட்டி, பஸ்சின் தகரம், எது கைக்குக் கிடைத்தாலும் தாளம்தான். சாவு விழுந்த வீட்டுக்குப் பாடகர் வருவார். செத்தவர் பெயர் என்ன, பிள்ளைகள் பெயர் என்ன, எங்கே வேலை பார்த்தார், யாரோடு சண்டை, யாருக்குச் சோறு போட்டார் என்று ஓரமாக நின்று விசாரிப்பார். கொஞ்ச நேரத்தில் அது பாட்டாகிவிடும். விடியவிடியப் பாடுவார். பதினாறாம் நாள் படத்திறப்பில் மறுபடி பாட்டு. எந்தப் பத்திரிகையும் நாலு வரி இரங்கல் போடாத ஒரு மூட்டை தூக்கியின் வாழ்க்கை வரலாறு ஒரு தெருவின் முன்னால் பாடப்படுகிறது. 1939இல் இந்தி எதிர்ப்புப் போரில் சிறைப்பட்டு உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் புதைக்கப்பட்டது மூலக்கொத்தளம். எங்கள் பக்கத்துப் பிணங்களும் அங்கேதான் போகும், சட்டியும் கட்டமோளமும் முன்னால் போக. செத்தவர் பெயரை ஊரறியப் பாடுகிறவரின் பெயரைக் கேட்க மட்டும் எந்தப் படிவத்திலும் இடமில்லை.

பொதுப்புத்தி இதற்கு வைத்திருக்கும் பெயர் 'சாவுக் கூத்து'. 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமியிலும் மற்ற சபாக்களிலும் மார்கழியில் நடந்தால் கச்சேரி. புளியந்தோப்பில் நடந்தால் இரைச்சல், போலீசுக்குப் போன். ஆனால் சினிமாவுக்கு இந்த இரைச்சல் எப்போதும் வேண்டியிருந்தது. 1990களில் தேவாவின் இசையில் கானா தமிழ்நாடு முழுக்க ஓடியது. 2006இல் 'சித்திரம் பேசுதடி' படம் கானா உலகநாதனைப் பட்டிதொட்டிக்கெல்லாம் கொண்டுபோனது. 2012இல் 'அட்டகத்தி'யில் சந்தோஷ் நாராயணன் இசையில் கானா பாலா வந்தார். புளியந்தோப்புக்காரர், சட்டம் படித்தவர். தன் பெயருக்கு முன்னாலேயே மரணத்தை வைத்துக்கொண்டவர் மரண கானா விஜி. 2014இல் 'மெட்ராஸ்' படத்துக்கு நைனாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கானா பாலா பாடிய சாவுப் பாட்டு வந்ததும் நைனா அழுதுவிட்டார். படத்தில் செத்தவனுக்காக அழுகிறார் என்று நினைத்தேன். 'நம்ம ஊட்டுப் பாட்டுடா' என்றார்.

2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கம் மைதானத்துக்கும் அவரைக் கூட்டிப் போனேன். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் மேடை அது. பத்தொன்பது பேர். கிடாருக்குப் பக்கத்தில் சட்டி, கட்டமோளம், பறை, டோலக். கானாவும் ராப்பும் ஒரே மூச்சில். இடஒதுக்கீடு பற்றிப் பாடினார்கள், ஆணவக் கொலை பற்றிப் பாடினார்கள். சாவு வீட்டு வாசலோடு நின்ற சட்டி, ஆயிரக்கணக்கான பேர் முன்னால் அரசியல் பேசியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். குழுவின் பெயர் சும்மா வந்ததில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதிபேதமற்ற திராவிடர் என்று பதியுங்கள் என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் மக்களைக் கேட்டுக்கொண்டவர் அயோத்திதாசப் பண்டிதர். படிவத்தில் என்ன எழுதுகிறோம் என்பது அவருக்கு அவ்வளவு பெரிய அரசியலாக இருந்தது. நைனாவுக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. மேடையில் கோட்டு சூட்டோடு நின்ற பையன்களையே பார்த்துக்கொண்டிருந்தவர் என் காதோரம் குனிந்து கேட்டார்: 'அந்தக் கோட்டு அவங்களுதா, திருப்பிக் குடுத்துடணுமா?'

இந்தக் கேள்விக்கு மேல் நான் எழுதப்போகும் எதுவும் பெரிதில்லை.

அந்தக் குழுவில் பாடியவர் இசைவாணி. வடசென்னையில் வளர்ந்தவர். ஆண்களே பாடி வந்த கானாவுக்குள் ஒரு பெண்ணாக நுழைந்து நின்றார். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம் பெற்றார். ஐயப்பன் கோயிலில் பெண்கள் நுழைவது பற்றிப் பல ஆண்டுகளுக்கு முன் பாடிய பாட்டுக்காக 2024 நவம்பரில் அவருக்கு மிரட்டல்கள் குவிந்தன. இரைச்சல் என்று ஒதுக்கியவர்களுக்குப் பாட்டின் பொருள் மட்டும் நன்றாகவே காதில் விழுந்திருக்கிறது.

இங்கே இயக்கத்துக்குள் ஒரு பழைய வழக்கு உண்டு. இது இழிவின் அடையாளம், விட்டொழிக்க வேண்டும் என்பார் ஒரு தோழர். இது நம் கலை, கையில் எடுக்க வேண்டும் என்பார் இன்னொரு தோழர். ஊர்ச் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்ததற்காக அடிபட்ட சேரிகள் உண்டு. அவர்களிடம் போய் கலை என்று பாடம் நடத்த எனக்கு வாய் வராது. 1990இல் திண்டுக்கல்லில் தொடங்கிய சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அதையும் இழிவு என்று யார் சொல்ல முடியும்? விடுவதா எடுப்பதா என்பதை வாத்தியத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது என்றே எனக்குப் படுகிறது. அடிக்கிறவரிடம் மூன்று கேள்வி கேட்டால் போதும். வர முடியாது என்று பயமில்லாமல் சொல்ல முடியுமா? கூலியை முன்கூட்டியே நீ பேசி வாங்குகிறாயா? உன் பெயர் சொல்லப்படுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது கலை. ஒன்றுக்கு இல்லை என்றாலும் அது அடிமை வேலை, மேடையில் நடந்தாலும் சரி.

இந்த அளவுகோலை நம் மேடைகள் மீதே வைத்துப் பாருங்கள் தோழர்களே. கருத்தரங்கு பத்து மணிக்கு. கூட்டம் சேர்வதற்காக ஒன்பது மணிக்கே பறைக்குழு வெயிலில் அடிக்க வேண்டும். பத்து மணிக்குப் பேச்சாளர்கள் மேடையேறியதும் அவர்கள் பின்னால் போய் உட்கார வேண்டும். சாயங்காலம் வழிச்செலவு என்று ஒரு கவர். சுவரொட்டியில் என் பெயர் 'கவிஞர்' என்ற அடைமொழியோடு இருக்கும். எனக்கு முன் ஒரு மணி நேரம் அடித்தவர்களுக்கு 'பறையிசை' என்று ஒரே சொல். சபாக்காரர்களைத் திட்டும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

கானாவில் எல்லாமே பொன் என்றும் நான் சொல்லவில்லை. ஏமாத்திட்டுப் போனாள் என்று பெண்ணைக் கரித்துக்கொட்டும் பாட்டுகள் நிறைய உண்டு. கூலிக்குப் பதில் குவார்ட்டர் கொடுத்து அனுப்பும் வழக்கமும் உண்டு; அதில் அழிந்த குரல்களை எனக்குத் தெரியும். இவற்றை நாம்தான் பேச வேண்டும். வெளியாள் சொன்னால் அது ஏளனம்.

2021 மே மாதம் கொரோனாவில் நைனா போய்விட்டார். எத்தனையோ சாவுகளுக்கு அடித்தவருக்கு ஒரு சட்டி முழங்கவில்லை. சுடுகாட்டில் நாலே பேர் நின்றோம். அந்த மாமாவைப் பாடக் கூப்பிட முடியவில்லை. ஊரடங்கில் வேலையில்லாமல் அவரும் ரேஷன் அரிசியில் ஓட்டிக்கொண்டிருந்தார். இறப்பைப் பதியும் படிவத்தில் தொழில் கேட்டிருந்தது. 'பேண்டு இசைக் கலைஞர், சைடு டிரம்' என்று எழுதினேன். கட்டம் சின்னது. நெருக்கி எழுதினேன். பதினைந்து வருடம் பிந்திய திருத்தம் அது. படித்துக் காட்ட அவர் இல்லை.

2027இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கும், சாதியும் கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு 2025இல் அறிவித்தது. சாதியைப் பற்றி நாம் நிறையப் பேசப் போகிறோம், பேசத்தான் வேண்டும். தொழிலும் கேட்பார்கள். மாணவத் தோழர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள் நீங்கள்தான். உங்கள் தெருவில் பாடுகிறவர், அடிக்கிறவர், ஊதுகிறவர் வீடுகளுக்கு இப்போதே போங்கள். பெயரைக் கேளுங்கள், யாரிடம் கற்றார் என்று கேளுங்கள், நோட்டில் எழுதுங்கள். செல்போனில் பதிவு செய்வதானால் அவர் சம்மதம் வாங்குங்கள், அவர் பெயர் போடாமல் எங்கும் ஏற்றாதீர்கள். தோழர்களே, அடுத்த சுவரொட்டியில் பேச்சாளர் பெயர் எந்த அளவு எழுத்தில் வருகிறதோ, அதே அளவில் அவர்கள் பெயரும் வரட்டும். கூலியை முன்னாலேயே பேசி முடியுங்கள்.

இந்த இதழில் அடுத்து வரும் பக்கங்கள் எட்டு ஊர்த் தோழர்கள் எழுதி அனுப்பியவை. உங்கள் ஊர் இதில் இல்லையென்றால், குற்றம் எங்களுடையது மட்டுமில்லை. எழுதி அனுப்புங்கள். சந்தாவையும் சேர்த்து அனுப்புங்கள்.

தோழமையுடன்,
ஆசிரியர்