டர்போவில் கை வைக்கும் முன்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு மளிகை ஏற்றிப் போய், திரும்பும்போது கேரட் ஏற்றி வரும் பிக்கப் ஒன்று சென்ற மாதம் எங்கள் பட்டறைக்கு வந்தது. பி.எஸ்.4 காலத்து வண்டி. இரண்டரை லிட்டர் காமன் ரெயில் எஞ்சின், வேக்குவத்தில் இயங்கும் வி.ஜி.டி. டர்போ. ஓட்டுநரே உரிமையாளர். கையில் ஒரு பாலிதீன் பை, அதற்குள் பில்கள். டர்போ மாற்றம், நாலு இன்ஜெக்டர் சர்வீஸ், டீசல் ஃபில்டர் இரண்டு முறை. கூட்டினால் ஐம்பத்தெட்டாயிரம் ரூபாய்.

“இப்ப எப்படி இருக்கு தம்பி?”

“அதேதானுங்ணா. நேர் ரோட்ல நல்லாப் போகுது. கொண்டை ஊசி வளைவு திரும்பி ரெண்டாவது கியர் போட்டு ஏத்துனா வண்டி செத்துப் போவுதுங். பிரேக்கும் சில நேரம் கல்லாட்டம் இருக்குது. அது வேற கேஸுனு விட்டுட்டனுங்.”

அவர் வேறு கேஸ் என்று ஒதுக்கிய அந்த வரியில்தான் விடை இருந்தது. அது எனக்கும் அப்போது பிடிபடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இதற்கு முன் வண்டியைப் பார்த்தவர் வேலை தெரியாதவர் அல்ல. ஸ்கேனர் போட்டிருக்கிறார், ‘பி0299’ வந்திருக்கிறது, டர்போவை மாற்றிவிட்டார். நம்மில் பாதிப் பேர் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் பி0299 சொல்வது, கேட்ட அளவு பூஸ்ட் வரவில்லை என்பதை மட்டும். ஹோஸ் கிழிந்தாலும் அதே கோடு, இ.ஜி.ஆர். வால்வு திறந்தபடி சிக்கினாலும் அதே கோடு, சைலன்சர் பக்கம் அடைத்தாலும் அதே கோடு. அது எஃப்.ஐ.ஆர். மாதிரி. வீட்டில் திருட்டு போயிருக்கிறது என்று எழுதியிருக்கும், திருடன் பெயர் இருக்காது. நாமோ எஃப்.ஐ.ஆரைப் படித்த கையோடு தெருவில் விலை உயர்ந்த சட்டை போட்டவனைப் பிடித்துக் கொண்டுவந்து விடுகிறோம்.

‘வண்டி இழுக்கவில்லை’ என்று வந்தால் முதலில் கேட்க வேண்டியது, எஞ்சின்தான் இழுக்கவில்லையா என்பதை. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து நாலு சக்கரத்துக்கும் அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு டிரம் மட்டும் அனலாகக் காய்ந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆர்.பி.எம். ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச். 80 கி.மீ. வேகக் கட்டுப்பாட்டுக்காக வெளியில் வாங்கிப் பொருத்திய ஸ்பீடு கவர்னர் இருந்தால் அதையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள். பல கவர்னர்கள் ஆக்சிலரேட்டர் பெடல் வயரை இடையில் வெட்டித்தான் வேலை செய்கின்றன. அந்த வெட்டுமுனையில் பச்சை பூத்தால், முழுதாக மிதித்தாலும் இ.சி.யு.வுக்குப் பாதி மிதித்ததாகத்தான் கணக்கு.

இவையெல்லாம் சரி என்றால் லைவ் டேட்டா. பட்டறையில் நிறுத்திவைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்ப்பதை நான் சோதனையாகவே எண்ணுவதில்லை. சுமையில்லாத டீசல் எஞ்சினுக்கு டர்போவின் தயவு அவ்வளவாகத் தேவையில்லை. குறையும் வெளியே வராது. சரக்கோடு, மேட்டில், மூன்றாவது கியரில் 1500 ஆர்.பி.எம்.மிலிருந்து முழு மிதி. ஒருவர் ஓட்ட, மற்றவர் பதிவு செய்ய வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்யக் கூடாது, மலைப்பாதையில் நிச்சயமாகக் கூடாது.

பதிவில் பார்க்க வேண்டியவை இரண்டு ஜோடிகள். இ.சி.யு. கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட். கேட்ட ரெயில் பிரஷர், கிடைத்த ரெயில் பிரஷர். கூடவே ஏர் மாஸ் அளவு. பூஸ்ட் குறைந்து ரெயில் சரியாக இருந்தால் காற்றுப் பக்கம் அல்லது புகைப் பக்கம். ரெயில் சரிந்தால் டீசல் பக்கம். பலர் தவறவிடும் மூன்றாவது நிலை ஒன்று இருக்கிறது. கேட்டதும் கிடைத்ததும் ஒன்றாகவே இருக்கும், ஆனால் இரண்டுமே குறைவாக இருக்கும். அப்போது எஞ்சின் கெட்டுப்போகவில்லை, இ.சி.யு. வேண்டுமென்றே அடக்கி வைத்திருக்கிறது. பெடல் சென்சாரின் இரண்டு டிராக்கும் ஒத்துப்போகாதது, பிரேக் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டது, டீசலில் தண்ணீர், கூலன்ட் சூடு, டி.பி.எஃப். நிறைந்தது என்று அதற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும். இந்த நிலையில் டர்போவையும் பம்பையும் மாற்றுவது, உட்காரச் சொன்னதால் உட்கார்ந்திருப்பவனுக்குக் கால் ஆபரேஷன் செய்வதுதான்.

மலையடிவாரத்தில் தொழில் செய்பவர்களுக்கு இன்னொன்று. மேப் சென்சார் காட்டுவது மொத்த அழுத்தம், அதில் வெளிக்காற்றின் அழுத்தமும் சேர்ந்திருக்கிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் அந்த ஊரின் காற்றழுத்தத்தை அது காட்ட வேண்டும். மேட்டுப்பாளையத்தில் சுமார் 97 கிலோபாஸ்கல், 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் 77-ஐ ஒட்டி. ஊட்டியில் நிற்கும் வண்டி 97 காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. பைசா செலவில்லாத இந்தச் சோதனையை எத்தனை பேர் செய்கிறோம்? இதே கணக்கில், மொத்தம் 200 கிலோபாஸ்கல் வேண்டுமென்றால் அடிவாரத்தில் டர்போ கூட்டித்தர வேண்டியது 103, ஊட்டியில் 123. டர்போ வரம்பு மீறிச் சுற்றாமலிருக்க உயரத்தில் இ.சி.யு. கேட்பதையே குறைத்துக்கொள்ளும். ஆகவே கோயம்புத்தூரில் எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு ஊட்டி வண்டிக்கு நோய் சொல்லக் கூடாது. மலையில் கொஞ்சம் இழுவை குறைவது இயற்கை என்று உரிமையாளரிடம் சொல்லும் தைரியமும் வேண்டும்.

காற்றுப் பக்கம் என்றால் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், காற்று நுழையும் குழாய்க்குள்ளும் கை விடுங்கள். சாக்கு நாரும் பாலிதீன் துண்டும் எங்கள் ஊர் வண்டிகளில் சகஜம். இன்டர்கூலர் ஹோஸில் எண்ணெய்க் கசிவோடு தூசி படிந்த இடம்தான் காற்று வெளியேறும் இடம். இரு முனையையும் அடைத்து ஒரு பார் அளவு காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். டர்போ ஷாஃப்ட்டைக் கையால் ஆட்டி ‘ப்ளே இருக்கு’ என்று தீர்ப்பெழுதுவதும் தவறு. எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் ஷாஃப்ட்டுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். முன்னும் பின்னும் ஆடினால், அல்லது பிளேடு ஹவுசிங்கில் உரசிய தடம் இருந்தால் அது கெட்டது. அப்போதும் ஆயில் வரும் குழாயும் திரும்பும் குழாயும் கரி பிடித்திருக்கின்றனவா என்று பார்க்காமல் புது டர்போ போட்டால், அதுவும் அதே வழியில் போகும்.

டீசல் பக்கத்துக்கு ஓட்டுநரின் வாயே நல்ல கருவி. சாவியை அணைத்து உடனே போட்டதும் இழுவை திரும்பிவிட்டால் அது பெரும்பாலும் லிம்ப் மோடு. ஐந்து நிமிடம் ஓரங்கட்டினால்தான் திரும்புகிறது என்றால் டேங்குக்குள் இருக்கும் ஜல்லடையில் ஏதோ ஒட்டுகிறது, நின்றால் விலகிக் கீழே படிகிறது. டேங்க் மூடியைத் தளர்த்தியதும் சரியானால் பிரீதர் அடைப்பு. சந்தேகம் தீராவிட்டால் சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, புது ஃபில்டர் வைத்து, வண்டியின் டேங்கைத் தவிர்த்து ஓட்டிப் பாருங்கள். அப்போதும் ரெயில் பிரஷர் சரிந்தால்தான் பம்ப், மீட்டரிங் வால்வு, இன்ஜெக்டர் ரிட்டர்ன் பக்கம் போக வேண்டும். பழைய பம்ப் காலத்துப் பழக்கத்தில், ஓடும் எஞ்சினில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காமன் ரெயிலில் இது வேண்டவே வேண்டாம். 1,600 பார் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய தடம்தான் தெரியும், உள்ளே கையே போகும்.

புகையின் நிறம் பார்த்து நோய் சொல்லும் கலை பி.எஸ்.6-க்குப் பிறகு பாதி செத்துவிட்டது. கறுப்பென்றால் காற்று பற்றவில்லை, புகையே இல்லாமல் இழுவை மட்டும் இல்லையென்றால் டீசல் பற்றவில்லை என்பது பி.எஸ்.4 வரை நம்பகமான கணக்கு. இப்போது டி.பி.எஃப். அந்தக் கரியைப் பிடித்து வைத்துக்கொள்வதால் குழாய் முனை சுத்தமாகவே இருக்கும். அங்கே கரி படிந்திருந்தால் ஃபில்டர் உடைந்திருக்கிறது, அல்லது யாரோ உள்ளே இருப்பதை நோண்டி எடுத்துவிட்டார்கள். அப்படி எடுத்துத் தருவதை ஒரு சேவையாகவே சில இடங்களில் விற்கிறார்கள். வண்டியின் மூல அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது. அதைவிட, எதனால் அடைத்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கசியும் இன்ஜெக்டரும் கிழிந்த ஹோஸும் டி.பி.எஃப்.பை நிறைக்கும். நிறைந்ததை எடுத்தெறிந்தவர், நிறைத்ததை வண்டியிலேயே விட்டுவிட்டார்.

கோத்தகிரி வண்டிக்கு வருகிறேன். சரக்கோடு ஏற்றிப் பதிவெடுத்தோம். நேர் மேட்டில் மூன்றாவது கியரில் கேட்டது 215, கிடைத்தது 210. குறையே இல்லை. வளைவு திரும்பி இரண்டாவது கியரில் முழு மிதி கொடுத்ததும் கிடைத்தது 150-க்கு இறங்கியது. ரெயில் பிரஷர் அசையவில்லை. அடுத்த ஓட்டத்தில் ஆக்சுவேட்டருக்குப் போகும் வேக்குவம் லைனில் ‘டி’ போட்டு, கேஜை கேபினுக்குள் கொண்டுவந்தோம். நேரில் 560 மி.மீ. பாதரசம், வளைவுக்குப் பிறகு 280. இந்த வகை டர்போவில் வேக்குவம் விழுந்தால் வேன்கள் திறந்துகொள்ளும், பூஸ்ட் போய்விடும்.

திரும்பி வந்து நிறுத்திவைத்துப் பார்த்தால் வேக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. முன்பு பார்த்தவர் அளந்திருந்தாலும் இங்கே ஏமாந்திருப்பார். என் பட்டறைப் பையன், பத்தொன்பது வயது, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுச் சொன்னான்: “அண்ணா, பிரேக்க மிதிச்சுக்கிட்டு ரெண்டாவது கியர்ல கிளட்ச லேசா விடுங்க, நான் தள்ளி நின்னு பாக்கறேன்.” விட்டேன். எஞ்சின் ஒரு பக்கமாக எழுந்தது, எழக் கூடாத அளவுக்கு. “உஸ்ஸுனு சத்தம் வருதுங்ணா!” வேக்குவம் பம்பிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், எஞ்சின் எழும்போது இழுபட்டது. அதன் அடிப்பக்கம், முனைக்கு இரண்டு விரல் தள்ளி ஒரு கீறல் வாய் திறந்தது. கிளட்சை மிதித்ததும் எஞ்சின் அமர்ந்தது, கீறல் மூடிக்கொண்டது, சத்தம் நின்றது. எஞ்சின் ஏன் அவ்வளவு எழுகிறது என்று குனிந்து பார்த்தால் ஒரு பக்க மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தது. கியர் குறையக் குறைய எஞ்சினை முறுக்கும் விசை கூடும். அதனால்தான் மூன்றாவது கியரில் வராத நோய் இரண்டாவதில் வந்தது. டர்போவும் பிரேக்கும் ஒரே பம்பிலிருந்து வேக்குவம் குடிப்பவை, அதனால்தான் பிரேக்கும் கல்லானது. ஓட்டுநர் முதல் நாளே இரண்டையும் சொல்லியிருந்தார்.

ஒரு ஹோஸ், ஒரு மவுண்ட். உதிரி இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. கழற்றப்பட்ட பழைய டர்போ எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது. நல்ல டர்போவாகத்தான் இருந்திருக்கும்.

முன்பு பார்த்தவரை ஏளனம் செய்ய இதை எழுதவில்லை. அவர் ஏன் அளக்காமல் மாற்றினார் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது நம் எல்லோருடைய பில் புத்தகத்திலும் இருக்கிறது. உதிரிக்கு விலை எழுதுகிறோம், கழற்றி மாட்டியதற்குக் கூலி எழுதுகிறோம், கண்டுபிடித்ததற்கு ஒன்றும் எழுதுவதில்லை. கோத்தகிரி வண்டிக்கு இரண்டு ஓட்டமும் இரண்டு ஆளும் அரை நாளும் போயின. ஹோஸ் விலையோடு மாற்றுக் கூலியை மட்டும் வாங்கியிருந்தால் எனக்கு நஷ்டம். டர்போவை மாற்றியவருக்கோ லாபம். தப்பாகச் சொன்னவனுக்குக் காசு, சரியாகச் சொன்னவனுக்கு நஷ்டம் என்று கணக்கு இருக்கும்வரை, பையன்கள் ஸ்பேனரைத்தான் முதலில் எடுப்பார்கள், கேஜை எடுக்க மாட்டார்கள். வாடிக்கையாளர் கொடுக்க மாட்டார் என்பது பாதிதான் உண்மை. ‘சும்மா பார்த்ததுக்குக் காசா’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பதிவெடுத்த வரைபடத்தையும் கிழிந்த ஹோஸையும் காட்டினால் அந்தக் கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. சோதனைக் கூலி என்று 1,500 ரூபாயைத் தனி வரியாக எழுதினேன். ஓட்டுநர் அந்த வரியில் விரல் வைத்து, இது என்ன என்று கேட்டார். சொன்னேன். கொடுத்தார்.

வாசகர்களுக்கு இரண்டு வேண்டுகோள். இந்த மாதத்திலிருந்து உங்கள் பில்லில் சோதனைக் கூலிக்குத் தனி வரி போடுங்கள், ஐந்நூறு ரூபாயானாலும் சரி. கழற்றிய பழைய உதிரியை, அது டர்போவோ ரப்பர் துண்டோ, என்ன கெட்டது என்று காட்டி உரிமையாளர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.