கோதுமை வயல்களுக்கிடையே ஒரு பிறை

பள்ளிவாசல் ஒன்று எழுந்துவிட்டால் அவ்வூரில் சமுதாயம் வேரூன்றிவிட்டது என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். அவ்வெண்ணம் எந்த அளவுக்குச் சரியானது? அமெரிக்க நாட்டின் நடுமேற்குப் பகுதியில் உள்ள ஒரு சிற்றூரின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

வடக்கு டக்கோட்டா மாநிலத்தில் மவுண்ட்ரெயில் என்றொரு மாவட்டம் உண்டு. புல்வெளிகளும் கோதுமை வயல்களும் விரிந்து கிடக்கும் அம்மண்ணின் பரப்பு ஏறத்தாழ 4,700 சதுர கிலோமீட்டர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 9,809 பேர். சதுர கிலோமீட்டருக்கு இருவர் என்ற அளவே. 1936 பிப்ரவரியில் இம்மாவட்டத்துப் பார்ஷல் என்னும் ஊரில் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 51 பாகை செல்சியசுக்கு இறங்கியது. அண்டை வீட்டுக்காரரே ஒரு கல் தொலைவுக்கு அப்பால் இருக்கும் இடத்தில், அத்தகைய குளிரில், மனிதனுக்கு மனிதனே துணை.

இம்மாவட்டத்தின் ராஸ் என்னும் சிற்றூரை நோக்கி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அன்று உதுமானியப் பேரரசின் ஆட்சியில் இருந்த சிரியா, லெபனான் பகுதிகளிலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் சில வந்து சேர்ந்தன. 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி, 160 ஏக்கர் நிலத்தில் ஐந்தாண்டுகள் தங்கி உழுதவர்க்கு அது சொந்தமாகும். அந்நிலம் ஆளில்லா நிலமன்று. மண்டான், ஹிடாட்சா, அரிக்காரா முதலிய தொல்குடியினர் காலங்காலமாக வாழ்ந்த நாடு அது என்பதையும் நாம் மறத்தலாகாது.

வந்தவர்கள் முதலில் வீடுகளில் கூடித் தொழுதனர். பின்னர் 1929இல், பாதி நிலத்துக்குள் இறங்கிய எளிய பள்ளிவாசல் ஒன்றைக் கட்டினர். அமெரிக்காவில் தொழுகைக்கென்றே எழுப்பப்பட்ட தொடக்ககாலப் பள்ளிவாசல்களுள் அதுவும் ஒன்று. அருகிலேயே மையவாடியும் அமைந்தது. ஆயினும், 1970களில் அப்பள்ளிவாசல் பாழடைந்து இடிக்கப்பட்டது. எஞ்சியது மையவாடி மட்டுமே.

"ஈமான் குறைந்தது, பள்ளி இடிந்தது" என்று சொல்லிவிடுதல் எளிது. பிள்ளைகள் அரபு மொழியை மறந்தனர், அயலாரோடு மணவுறவு கொண்டனர், பெயரையும் மாற்றிக்கொண்டனர் என்பன உண்மையே. எனினும் இம்முடிவு முழு உண்மையன்று என்பது என் துணிபு. பள்ளி எழுந்த ஆண்டிலேயே பொருளாதாரப் பெருவீழ்ச்சி தொடங்கியது. தொடர்ந்து 1930களின் வறட்சி வயல்களைச் சுட்டெரித்தது. 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டமோ, தாயகத்திலிருந்து புதியவர் வந்து சேரும் வழியை ஏறத்தாழ அடைத்துவிட்டிருந்தது. பிற்காலத்தில் பத்துப்பேர் செய்த உழவை ஓர் எந்திரம் செய்தது. 1930இல் 13 ஆயிரத்தைத் தாண்டியிருந்த மாவட்ட மக்கள்தொகை 2000இல் 6,631ஆகச் சுருங்கிற்று. பள்ளிவாசல் மட்டுமா வெறுமையாயிற்று? மாவட்டமே பாதி வெறுமையாயிற்று. பிழைப்பு போன ஊரில் இளைஞர் தங்கார். இளைஞர் தங்காத ஊரில் தொழுகை வரிசை நிரம்பாது.

அவ்வாறாயின், செல்வம் வந்தால் சமுதாயம் தழைத்துவிடுமா? அதற்கும் அம்மாவட்டமே விடை கூறுகின்றது. 2006க்குப் பின் அப்பகுதியின் பாக்கன் பாறையடுக்கிலிருந்து எண்ணெய் பெருகியது. ஆயிரக்கணக்கில் தொழிலாளர் வந்தனர். வீட்டு வாடகை ஏறியது. தற்காலிகக் குடியிருப்புகள் முளைத்தன. சிற்றூர்ச் சாலைகளைப் பாரவண்டிகள் நிறைத்தன. 2014இல் எண்ணெய் விலை சரியத் தொடங்கியதும் வந்தவருள் பலர் வந்த வழியே சென்றனர். கூலிக்காக மட்டும் ஓரிடத்தில் கூடியோர் கூட்டமாவர், சமுதாயமாகார்.

வாழ்வாதாரமின்றிச் சமுதாயம் நில்லாது. வாழ்வாதாரம் மட்டுமே சமுதாயத்தை ஆக்கிவிடாது. மண்ணோடு பிணைப்பு, அயலாரோடு நட்பு, அடுத்த தலைமுறையின் உள்ளத்தில் ஊன்றிய நினைவு ஆகியவையும் வேண்டும். 2005இல் ராஸ் மையவாடியருகே குவிமாடமும் நான்கு சிறு மினாராக்களும் கொண்ட சிறிய பள்ளிவாசல் ஒன்று மீண்டும் எழுந்தது. அதனை எழுப்பத் தூண்டியது செல்வப் பெருக்கன்று. அங்கு அடங்கியிருக்கும் முன்னோரின் நினைவே.

மினாராவின் உயரத்தை அளந்து மகிழும் நாம், அதன் நிழலில் வாழும் இளைஞனுக்கு வேலை உண்டா, கல்வி உண்டா, மூத்தோர் வரலாற்றை அவனுக்கு எடுத்துரைப்பார் உண்டா என்றும் கேட்க வேண்டாமா? சமுதாயப் பெரியோர்கள் சிந்திப்பார்களாக. மாணவச் செல்வங்கள் தத்தம் ஊர் வரலாற்றை இன்றே எழுதத் தொடங்குவார்களாக.